உடுப்பு என்று எழுதிய பார்சல்

குலசிங்கம் கிளிநொச்சியில் இருந்தது மொத்தமாக நாற்பத்தொரு நாள். அதுவும் தாயின் மடியில். தலைப்பிள்ளைப் பேற்றுக்கென்று தாய் தன் பெற்றோர் வீட்டுக்குப் போனாள், பெற்றாள், துடக்குக் கழித்துக்கொண்டு சாம்பல்தீவுக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு முப்பத்தெட்டு வருசம் அவன் சாம்பல்தீவுக்காரன்தான். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் என்ற வரியில் கிளிநொச்சி என்று விழுந்துவிட்டது, இயக்கப் போராளிகளின் கையிலிருந்த ஊர். எங்கே வளர்ந்தாய், எங்கே உழைக்கிறாய், யாரைக் கட்டினாய் என்று எந்தச் சென்றியில், எந்தச் சோதனைச் சாவடியில் யார் கேட்டார்கள்? எங்கே பிறந்தாய், அதைச் சொல்லு முதலில்.

இரண்டாயிரத்து ஆறாம் வருசம், டவுன் பற்றியெரிந்த நாட்களில், சென்றியில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் என்ன நடந்தது என்று அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவி குணேஸ்வரிக்கும் சொல்லவில்லை. உட்துறைமுக வீதியில் இருந்த ஒரு வெளிநாட்டு நிவாரணக் கந்தோர் ‘இவர் எங்கள் வேலையாள்’ என்று கடிதம் கொடுத்தபடியால்தான் வெளியே வந்தான். வந்தவனுடைய கழுத்தில் அவர்கள் ஓர் அட்டையையும் போட்டுவிட்டார்கள். அதில் படம், முத்திரை, மூன்று மொழியிலும் பெயர். அதற்குப் பிறகு சென்றியில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், அடையாள அட்டையை ஒருவரும் கேட்பதில்லை. அதே சென்றியில், அதே பிறந்த இடத்தோடு, இறக்கப்பட்ட வேறு இரண்டு பேர் வீட்டுக்கு வரவேயில்லை.

வேலையாள் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. குலசிங்கம் இளவயதிலிருந்தே படம் காட்டித்தான் பிழைத்தான். முதலில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டான். கரண்ட் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் ஜெனரேட்டரையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு சல்லி, நிலாவெளி என்று கோயில் கோயிலாக அலைந்தான். சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது தங்களுடைய புரொஜெக்டரை விற்றுவிட்டுப் போனது. அதை அவன் வாங்கினான். கந்தோருக்காக அதைக்கொண்டு, மூதூர்ப் பக்கத்திலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனங்களின் முகாம்களில் வாரத்துக்கு இரண்டு நாள் சுவரில் படம் காட்டவேண்டும். மிதிவெடி இப்படியிருக்கும், தொடாதேங்கோ, தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடியுங்கோ, இப்படிப் படங்கள். அந்தப் புரொஜெக்டர் ஓடுமட்டும் கந்தோருக்கு அவன் தேவை. அவன் தேவைப்படுமட்டும் அவனுக்கு அந்த அட்டை.

இரண்டாயிரத்து ஏழாம் வருசம் சித்திரை மாதத்தில் குணேஸ்வரிக்கு இரண்டு மாதம். கலியாணம் முடித்து ஒன்பது வருசம். ஏற்கெனவே இரண்டு தரம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் அம்மா இந்த முறை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். மாதாமாதம் கிளினிக்குக்கு வரவேண்டும், வலி கண்டால் ஒரு நிமிசமும் வீட்டில் நிற்கக்கூடாது, புருசன் கூடவே இருக்கவேண்டும். குலசிங்கம் தலையைத் தலையை ஆட்டினான். வரும் வழியில் பஸ்ஸுக்குள் இருந்து அவன் கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டே வந்ததைக் குணேஸ்வரி கண்டாள். அட்டை இருந்தால் அவளோடு அவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஏலாது. அவர்கள் இரண்டு பேரும் அந்த வருசம் முழுக்க மனதில் வைத்திருந்தது இது ஒன்றைத்தான்.

அந்த மாதத்திலேதான் புரொஜெக்டரின் லாம்பு மங்கத் தொடங்கியது. லாம்பு முடியப்போகிறதென்று மிசினில் சிவப்புப் பொட்டு மினுங்கியது. படத்தில் மிதிவெடியும் தேங்காய்ச் சிரட்டையும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஒரு கிழவன் எழும்பி, “தம்பி, இதில எதைத் தொடக்கூடாது எண்டு சொல்லுறாய்?” என்று கேட்டு முகாம் முழுவதும் சிரித்தது. குலசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கந்தோரில் நிர்வாகம் பார்த்தவள் பரீனா. கிண்ணியாப் பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் கந்தோர்ச் சட்டத்தை மீறமாட்டாள். “அண்ணன், ஒறிஜினல் லாம்பு போடணும். கண்ட கண்ட லாம்பு போட்டு கொழும்புல ஒரு இடத்துல வெடிச்சிருக்காம். பெரியவர் கடுமையாச் சொல்லிட்டார். ஒரு மாசம் தாறம்,” என்றாள்.

கொழும்புக்குப் போன் எடுத்தான். அந்த மொடல் நிற்பாட்டியாகிவிட்டதாம், தேடித்தர ஆறு மாதமாம். ஆறு மாதமென்றால் பிள்ளையே பிறக்கிற நேரமாகிவிடும். கடைசியில் டவுனில் கொம்யூனிகேசன் கடை வைத்திருந்த முத்தலிப்பிடம் போய் நின்றான். அவரை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான், அண்ணன் என்பதுபோல.

“கொழும்பு கிடக்கட்டும் தம்பி. முழு உலகமும் இதுக்குள்ள கிடக்கு,” என்று முத்தலிப் கம்பியூட்டரைத் தட்டினார். உலகம் மெதுவாகத்தான் வந்தது. போன் வயரால் வருகிற இன்டர்நெட். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் ஒரு பிளேன்டீயைக் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிடலாம். துறைமுகத்துக்குள் சுழியோடி வருபவர்களை விரட்டக் கடற்படை அடிக்கடி போடும் வெடி திடும் திடும் என்று கடையின் கண்ணாடியை அதிரவைத்தது. அதற்கு அந்த ஊரில் ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை.

பதினாலு பேர் அந்த லாம்பை விற்றார்கள். பதினாலு பேரும் ஒறிஜினல் என்றுதான் சொன்னார்கள். சொல்லாமல் விடுவார்களா? முத்தலிப் விசயம் தெரிந்த மனிதர். பதினாலு பேருக்கும் ஒரே கேள்வியை எழுதினார்: லாம்பின் அடியில், வெள்ளைப் பீங்கானில், கம்பனி பொறித்த இலக்கம் இருக்குமே, அதைப் படமெடுத்து அனுப்பு. மறுநாள் போனபோது சிங்கப்பூர்க்காரன் ஒருவன் மட்டும் படத்தை ஒழுங்காக அனுப்பியிருந்தான். இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மாத உத்தரவாதமும் தந்தான்.

“இவன்தான் தம்பி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். டோஹாவில இருக்கிற என்ட தம்பியின்ட கார்டால கட்டுவம்,” என்றார் முத்தலிப்.

குலசிங்கம் கதிரையை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். கடையில் வேறு ஒருவருமில்லை, எதற்குத் தாழ்த்தினான் என்று அவனுக்கே தெரியாது. “நானா, அவனுக்கு ஒண்டு எழுதுங்கோ. பார்சலுக்கு மேல லாம்பு எண்டு போடவேண்டாம். உடுப்பு எண்டு போடச் சொல்லுங்கோ.”

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அந்த நாட்களில் எங்கள் பக்கம் இருந்திருக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வந்த பார்சல் எல்லாமே உடுப்புத்தான். பால்மாவும் உடுப்பு, பிறசர்க் குளிசையும் உடுப்பு, சப்பாத்தும் உடுப்பு. சல்லி இராசையாவுக்கு மகன் சுவிஸிலிருந்து தலையில் மாட்டுகிற டோர்ச் ஒன்றை அனுப்பினான், இரவில் வலை இழுக்க உதவுமென்று. பார்சலில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டான் அந்த விசரன். இராசையாவைக் கூப்பிட்டு மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். பல்பாம், பற்றறியாம், வயராம், குண்டு செய்கிற சாமானாம். அதற்குப் பிறகு எவன் எழுதுவான்? அதுவும் ஒருமுறை பதினொரு நாள் உள்ளே இருந்து வந்தவன் எழுதுவானா?

முத்தலிப் எழுதினார். சிங்கப்பூர்க்காரனின் பதில் அடுத்த நாள் வந்தது. மரியாதையான பதில். உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் வெளியே எழுதுவோம், வேறு எழுத எங்களுக்கு வழக்கமில்லை, மன்னிக்கவும்.

“பெரிய அரிச்சந்திரன்!” என்று குலசிங்கம் கொதித்தான். “சிங்கப்பூரில இருந்துகொண்டு என்னவும் சொல்லலாம். இஞ்ச வந்து ஒருநாள் சென்றியில நிக்கச் சொல்லுங்கோ பாப்பம்.”

“அவன் சொல்றது சரிதானே தம்பி. லாம்பு எண்டு போட்டா வராதெண்டு ஆர் சொன்ன?”

“இராசையாண்ணையைக் கேளுங்கோ. இல்லாட்டி என்னைக் கேளுங்கோ.”

முத்தலிப் கீபோர்டைக் கிட்ட இழுத்தார். மற்றப் பதின்மூன்று பேரையும் திரும்பக் கேட்டார். ஒருவன் பத்து நிமிசத்தில் பதில் போட்டான். எந்த ஊர்க்காரன் என்றே தெளிவில்லை. நண்பரே, நீங்கள் விரும்புவதை எழுதுகிறோம், உடுப்பென்றாலும் சரி, விளையாட்டுச் சாமான் என்றாலும் சரி. இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பென்று திருப்பிக் கேட்டதற்கு, கவலை வேண்டாம் நண்பரே, நூற்றுக்கு நூறு ஒறிஜினல் என்று எழுதினான். படம் வரவில்லை.

“எனக்கு இவனைப் பிடிக்கல்ல. எல்லாத்துக்கும் சரி சரி எண்டுறான்,” என்றார் முத்தலிப்.

“அவனுக்கு எங்கட நிலமை விளங்குது நானா,” என்றான் குலசிங்கம். அப்படித்தான் அவன் மெய்யாகவே நினைத்தான். யாரோ ஒரு முகம் தெரியாதவன், உலகத்தின் எந்த மூலையிலோ இருந்துகொண்டு, தன்னுடைய பயத்தைப் புரிந்துகொண்டான் என்று நினைக்க அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஐயோ மனிசா!

பார்சல் இருபத்திரண்டாம் நாள் வந்தது. தபால் கந்தோரில் பார்சல் பகுதி பார்த்த சோமசேகரம் நெடுநாள் பழக்கம். ஆனால் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் சோதனைக்கென்று ஒரு சீருடைக்காரர் இருந்தார். “உடுப்போ?” என்று சோமசேகரம் கேட்டபோதே பெட்டிக்குள் ஏதோ கலகலத்தது. உடுப்பு கலகலக்குமா? சீருடைக்காரர் பிளேட்டை எடுத்து வெட்டினார். இரண்டு பழைய ரீசேட்டுக்கு நடுவில் லாம்பு கிடந்தது.

குலசிங்கம் அட்டையை முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டான். சீருடைக்காரர் லாம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“புரொஜெக்டர் லாம்ப் தானே?” என்றார், கொச்சைத் தமிழில். “இது ஸ்கூலுக்கு வாறது. கவர்மென்ட் கச்சேரிக்கு வாறது. நிறைய வாறது. ஏன் உடுப்பு எழுதினது?”

சோமசேகரம்தான் பதில் சொன்னார். “அனுப்பின கடைக்காரன் மாறி எழுதிப்போட்டான் போல, சேர்.”

“லாம்ப் எண்டா லாம்ப் எழுதச் சொல்லுங்க. பயம் என்ன?” என்று சொல்லி அவர் கையெழுத்தைப் போட்டு நீட்டினார். அவ்வளவுதான். முழுவதும் ஐந்து நிமிசம்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது அவனுக்கு முதலில் வந்தது சந்தோசம். உப்புவெளியைத் தாண்டும்போது அது போய்விட்டது. அப்படியென்றால் சிங்கப்பூர்க்காரனிடமே வாங்கியிருக்கலாமே. பொய் எழுதமாட்டேன் என்றவனை விட்டுவிட்டு, பொய்யைக் கூசாமல் எழுதித் தந்தவனிடமல்லவா வாங்கியிருக்கிறேன்! அந்த நினைப்பு வந்ததும் அவன் சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தான்.

வீட்டில் பழைய லாம்பைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பழையதின் அடியில் வெள்ளைப் பீங்கானில் இலக்கம் பொறித்திருந்தது. புதியதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. பெட்டியில் கம்பனியின் பெயர் நனைந்த பேப்பர்போல மங்கலாக அச்சாகியிருந்தது. மினுங்கல் ஸ்டிக்கரை எந்தப் பக்கம் சரித்தும், ஒறிஜினலில் மாறுவதுபோல அதன் நிறம் மாறவில்லை.

“ஒறிஜினலோ?” என்று குசினிக்குள்ளிருந்து குணேஸ்வரி கேட்டாள். அவளுக்கு நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

“ஓம்,” என்றான். போட்டுப் பார்த்தபோது சுவர் பளீரென்று வெளித்தது. குணேஸ்வரி வந்து பார்த்துவிட்டு, “அப்பாடா” என்று நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய அந்த முகத்தைக் கண்ட பிறகு எதை அவளுக்குச் சொல்வது? கந்தோரில் பரீனா கேட்டபோதும் ஓம் என்றான். ரிசீட்டைக் கேட்டாள். பிறகு தாறன் என்றான். இரண்டாம் தரமும் கேட்டாள், மூன்றாம் தரமும் கேட்டாள்.

ஐந்தாவது தரம் படம் காட்டும்போது லாம்பு வெடித்தது. கப்பல்துறைப் பக்கத்து முகாம், பள்ளிக்கூட மண்டபம், அறுபது எழுபது தாய்மார், மடியில் பிள்ளைகள். ஜன்னலெல்லாம் சாக்கால் மறைத்து இருட்டாக்கியிருந்தது. டமார் என்று ஒரு சத்தம், கண்ணாடி சிதறுகிற சத்தம், உடனே கும்மிருட்டு. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் ஷெல்லடிக்குள் ஓடிவந்த சனம். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தியும் கத்தவில்லை, ஒருத்தியும் ஓடவில்லை. பிள்ளைகளைக் கீழே போட்டு அவர்களுக்கு மேலே தாய்மார் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற காவல்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அவன் சாக்கை இழுத்து வெளிச்சம் வந்தபோது மண்டபம் முழுவதும் நிலத்தோடு நிலமாகக் கிடந்தது, குலசிங்கம் மட்டும் புகைகிற புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்குத்தான் அது என்ன சத்தம் என்று தெரியுமே.

“லாம்பு, லாம்பு,” என்று அவன் கையை உயர்த்திக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். காவல்காரன் சுடவில்லை. அது அவனுடைய நல்ல காலம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆனால் படுத்த சனத்துக்கு அடியில் ஒரு பிள்ளையின் கை முறிந்திருந்தது. வேறொருத்தி, ஆறு மாத வயிற்றுக்காரி, குப்புற விழுந்தபடியே எழும்பமாட்டாமல் அழுதுகொண்டிருந்தாள். குலசிங்கம் அவளைத் தூக்கப் போனான். அவள் அவனுடைய கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த நாள் பரீனா அவனைக் கதிரையில் இருத்திவிட்டு, கந்தோர்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணன், அது ஒறிஜினல் இல்ல தானே?”

“இல்லை மிஸ்.”

“தெரிஞ்சா போட்டீங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பரீனாவின் கண் கலங்கியது. “இன்னொரு கிழமை தாங்க எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் பெரியவர்ட்ட கெஞ்சியெண்டாலும் எடுத்துத் தந்திருப்பனே. இப்ப அவர் கொழும்புல இருந்து மிசினும் ஆளும் எடுத்திட்டார். நான் என்ன செய்யிற?” என்றாள். சிங்கப்பூர்க்காரனிடம் வேறு லாம்பு வாங்கிப் போடுகிறேன் என்று சொல்ல வந்தவன் அதை விட்டுவிட்டு அட்டையைக் கழற்றப் போனான். அவள் மறித்தாள். “இப்ப தர வேணாம். வீட்ட போகும்வரைக்கும் கழுத்துல கிடக்கட்டும். நாளைக்கு ஆரிட்டயாவது குடுத்து அனுப்புங்க.”

அன்றைக்குச் சென்றியை அவன் கடைசித் தடவையாகத் தாண்டினான். மறுநாள் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவள் குணேஸ்வரி. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் என்று அவன் நினைத்தான். அந்த விற்பனைக்காரனுக்கு முத்தலிப் நாலு கடிதம் எழுதினார், பதிலில்லை. ஐந்தாவது தரம் தேடியபோது அந்தப் பெயரில் ஆளே இல்லை.

அதன் பிறகு குலசிங்கம், சென்றிக்கு இந்தப் பக்கம் ஊர் எல்லையில் இருந்த பாலத்தைத் தாண்டவில்லை. வீட்டு வளவுக்குள் மிளகாய் நட்டான், மற்றவர்களின் றேடியோவைத் திருத்திக் கொடுத்தான். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிப் பார்த்தான். அவரே வெட்கப்பட்டுக்கொண்டு, “இதைக் காட்டி ஒண்டும் நடக்காது தம்பி, வீட்டோட இரும்,” என்றார். கிளினிக்குக்குக் குணேஸ்வரி தனியாகப் போய்வந்தாள். வயிறு பெருக்கப் பெருக்க, சென்றியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து திரும்ப ஏற அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மாதமும் புருசன் எங்கே என்று டொக்டர் அம்மா கேட்டார். வேலைக்குப் போயிட்டார் என்று குணேஸ்வரி சொன்னாள். ஐந்தாம் மாதம் தாண்டியது, ஆறு தாண்டியது, ஏழு தாண்டியது. பிள்ளை தங்கிவிட்டது என்று இருவரும் நம்பத் தொடங்கினார்கள்.

கார்த்திகை மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. பேற்று நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. இரத்தமும் போனது. பக்கத்து வீட்டுக் கனகம்மா ஓட்டோவைக் கூப்பிட்டு வந்தாள். குணேஸ்வரியைத் தூக்கி ஏற்றிவிட்டு, குலசிங்கமும் ஏறினான்.

பாலத்தடிக்கு வந்ததும் குணேஸ்வரி ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னாள். “இறங்குங்கோ,” என்றாள்.

“விசரோ உனக்கு? நான் வாறன். நடக்கிறது நடக்கட்டும்.”

“இறங்குங்கோ எண்டுறன். உங்களைக் கண்டால் மறிப்பாங்கள். ஓட்டோவையும் மறிச்சு வைப்பாங்கள். எனக்கு அவ்வளவு நேரமில்லை.”

அவன் இறங்கினான். கனகம்மா அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள, ஓட்டோ போனது. சென்றியில் அதை ஒரு நிமிசம்கூட மறிக்காமல் விட்டதைப் பாலத்தில் நின்றபடி அவன் கண்டான். மழைக்குள் பகல் முழுக்க அங்கேயே நின்றான். போன் லைன் அன்றைக்கு வெட்டியிருந்தார்கள். வருகிற பஸ் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தான். பொழுதுபட்டதும் அங்கே ஒருவரும் நிற்க ஏலாது, வீட்டுக்கு வந்தான்.

கனகம்மா அடுத்த நாள் மத்தியானம் வந்தாள். பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்களாம். பெண் பிள்ளை. பின்னேரம் வரைக்கும் உயிரோடு இருந்ததாம். குணேஸ்வரிக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லையாம், காய்ச்சலுமாம். பிள்ளையின் உடலைப் பொறுப்பெடுக்கத் தகப்பன் எங்கே என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் கனகம்மாவிடமே கையெழுத்து வாங்கினார்கள். முத்தலிப் கேள்விப்பட்டு ஓடிவந்து ஒரு வெள்ளைச் சீலை வாங்கிக் கொடுத்தார். காலையில் டவுனிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். குலசிங்கம் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடிந்ததும் கனகம்மாவுக்குத் தேத்தண்ணி வைக்கவென்று எழும்பினான், அடுப்படியில் போய் நின்றுகொண்டு என்ன செய்ய வந்தேன் என்று தெரியாமல் நின்றான்.

ஆறாம் நாள் குணேஸ்வரி பஸ்ஸில் வந்தாள். சென்றியில் அவளையும் இறக்கித்தான் ஏற்றினார்களாம். வயிற்றைப் பொத்திக்கொண்டு வந்து பாயில் சாய்ந்தாள். குலசிங்கம் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ஆறு நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை அன்று பின்னேரம்தான் கேட்டான்.

“பிள்ளை ஆரைப்போல இருந்தவள்?”

குணேஸ்வரி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“நான் பாக்கேல்லை,” என்றாள். “எனக்கு நினைவு வந்தது அடுத்த நாள் பின்னேரம். அதுக்குள்ள கொண்டுபோயிட்டினம்.” அவனுடைய கையைத் தேடிப் பிடித்தாள். “நீங்களாவது நிண்டு பாத்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பியள்.”